வீழ்ச்சிக் காலத்தில் வெளிநாட்டு முதலீடு: கட்டடங்களிலிருந்து உதைபந்தாட்டக் கழகங்கள் வரை

க.பொ.த. (உயர் தரம்) பொருளியல்
சர்வதேச நிதி அலகுக்கான விசேட பாடக் கட்டுரை

2008 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1 ஆம் திகதி, இங்கிலாந்தின் மன்செஸ்ரர் சிற்றி உதைபந்தாட்டக் கழகத்தை அபுதாபியைச் சேர்ந்த முதலீட்டுக் குழுமம் ஒன்று வாங்கவிருப்பதாக அறிவிக்கப்பட்டது. குழுமத்தின் பின்னால் இருந்தவர் அபுதாபி ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூர் பின் சயீட் அல் நஹ்யான். சரியாக இரு வாரங்களின் பின்னர், செப்ரெம்பர் 15 ஆம் திகதி, அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி வங்குரோத்து அடைந்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே தயங்கின. பிரித்தானியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2009 இல் 4 வீதத்திற்கு மேல் சுருங்கியது.

உலகம் முழுவதும் பணத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில் சிலர் மட்டும் கடல் கடந்து வந்து கட்டடங்களையும் கடைகளையும் கழகங்களையும் வாங்கினர். ஏன் வாங்கினர்? எப்படி வாங்க முடிந்தது? விற்ற நாட்டுக்கு அதனால் என்ன கிடைத்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடினால் செலாவணி வீதம், சென்மதி நிலுவை, மூலதன ஆக்கம் ஆகிய பாடப்பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புறுகின்றன என்பது தெளிவாகும்.

இந்நிகழ்வை வைத்து வகுப்பில் ஒரு வினா கொடுத்தேன். "மன்செஸ்ரர் சிற்றி வாங்கப்பட்டமையால் 2008 இல் பிரித்தானியாவின் மூலதன ஆக்கம் அதிகரித்ததா?" முப்பத்திரண்டு பேரில் இருபத்தெட்டுப் பேர் "ஆம், கழகத்தின் விலைக்குச் சமமான தொகையால் அதிகரித்தது" என எழுதியிருந்தனர். நன்றாகப் படிக்கும் மாணவர்களும் அவர்களுள் அடங்குவர். இது கவனக் குறைவால் வந்த பிழையன்று. "முதலீடு" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு கருத்துக்களில் பயன்படுத்துவதால் வந்த பிழை. ஆகவே முதலில் அதனைத் தீர்த்துக்கொள்வோம்.

1. ஒரு சொல், இரு கருத்து

ஊரில் ஒருவர் அயலவரின் பழைய வீட்டை வளவோடு விலைக்கு வாங்குகிறார் எனக் கொள்க. உறுதி எழுதப்படுகிறது, பணம் கைமாறுகிறது. வாங்கியவர், "நான் வீட்டிலே முதலீடு செய்திருக்கிறேன்" என்பார். அவரைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அன்று மாலை அவ்வூரிலுள்ள வீடுகளை எண்ணிப் பார்த்தால் காலையில் இருந்த அதே எண்ணிக்கைதான். கூடியது எதுவும் இல்லை. தரகரின் கூலியும் சட்டத்தரணியின் கட்டணமும் மாத்திரமே அவ்வருடத்தின் புதிய உற்பத்தியாகக் கணிக்கப்படும்.

தேசிய கணக்கீட்டில் முதலீடு என்பது மூலதன ஆக்கமாகும். அதாவது புதிய கட்டடம், புதிய இயந்திரம், புதிய வீதி போன்ற உற்பத்தி ஆற்றலின் சேர்க்கை. ஏற்கனவே உள்ள சொத்தின் உரிமை மாறுவது மூலதன ஆக்கமாகாது. வாங்குபவர் வெளிநாட்டவராக இருப்பதால் இவ்விதி மாறிவிடுவதில்லை.

ஆனால் சென்மதி நிலுவையில் நிலைமை வேறு. அங்கு கவனிக்கப்படுவது வதிவோருக்கும் வதியாதோருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். வதியாதவர் ஒருவர் ஒரு கம்பனியின் வாக்குரிமைப் பங்குகளில் 10% அல்லது அதற்கு மேல் வாங்கினால் அது வெளிநாட்டு நேரடி முதலீடு எனப் பதியப்படும்; அதற்குக் குறைந்தால் சொத்துப்பட்டியல் முதலீடு. புதிதாக ஆலை கட்டினாலும் சரி, பழைய ஆலையை வாங்கினாலும் சரி, பதிவு ஒன்றுதான். எனவே நிதியியல் கணக்கில் பெரிய நேரடி முதலீட்டு உட்பாய்ச்சலைக் காட்டும் ஒரு நாட்டில், அவ்வருடம் ஒரு செங்கல்கூட வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். இதை மனங்கொண்டால் இனி வருபவை யாவும் இலகுவாக விளங்கும்.

2. சொத்து எவ்வாறு மலிந்தது?

வீழ்ச்சிக் காலத்தில் வெளிநாட்டவருக்குச் சொத்து மலிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சொத்தின் உள்நாட்டு விலை விழுதல். 2007 நடுப்பகுதிக்கும் 2009 நடுப்பகுதிக்கும் இடையில் பிரித்தானியாவின் வர்த்தகக் கட்டடங்களின் பெறுமதி சராசரியாக 40 வீதத்திற்கு மேல் விழுந்தது. கடன் கிடைக்காதபோது வாங்குவோர் குறைவர். கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் வந்த விலைக்கு விற்பர். கேள்வி வளையி இடப்புறம் நகர, நிரம்பல் வளையி வலப்புறம் நகரும். விலைக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, நாணயத்தின் பெறுமதி தேய்தல். 2008 யூலையில் ஒரு ஸ்ரேர்லிங் பவுணுக்கு ஏறத்தாழ 2 அமெரிக்க டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2009 ஜனவரியில் 1.40 டொலருக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும் என்ற நிலை வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹமும் (ஒரு டொலருக்கு 3.6725) கட்டாரின் றியாலும் (ஒரு டொலருக்கு 3.64) டொலருடன் நிலையான வீதத்தில் பிணைக்கப்பட்டவை. ஆகவே டொலருக்கு எதிராகப் பவுண் தேய்ந்தால் அபுதாபியிலிருந்தும் டோஹாவிலிருந்தும் பார்ப்பவருக்கு லண்டன் அதே அளவால் மலியும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் பார்ப்போம்.

உ+ம்: லண்டனிலுள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தின் விலை 2007 இல் 100 மில்லியன் பவுண்; அப்போது 1 பவுண் = 2.00 டொலர். 2009 தொடக்கத்தில் விலை 40% விழுந்து 60 மில்லியன் பவுண்; 1 பவுண் = 1.40 டொலர்.

2007 இல் டொலர் விலை: 100 × 2.00 = 200 மில்லியன்
2009 இல் டொலர் விலை: 60 × 1.40 = 84 மில்லியன்
வீழ்ச்சி: (200 − 84) ÷ 200 × 100 = 58%

இங்கு மாணவர்கள் வழக்கமாக விடும் பிழையொன்று உண்டு. விலை 40% விழுந்தது, பவுண் 30% தேய்ந்தது, ஆகவே மொத்தம் 70% எனக் கூட்டி விடுகின்றனர். இரண்டு வீழ்ச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்கின்றன. பெருக்க வேண்டுமேயன்றிக் கூட்டக் கூடாது. எஞ்சியிருப்பது 0.60 × 0.70 = 0.42. ஆகவே விழுந்தது 0.58. ஒரு வரியில் முடியும் கணக்குக்கு வருடாவருடம் புள்ளி இழக்கப்படுகிறது.

இதே கட்டடத்தை வாங்க விரும்பிய லண்டன்வாசிக்கு 40% மலிவு மாத்திரமே. அவருடைய சம்பளமும் சேமிப்பும் பவுணில் இருந்தன. ஒரே கட்டடம், ஒரே நாள், இரண்டு விலை. வெளிநாட்டவர் முந்திக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

3. பணம் எங்கிருந்து வந்தது?

மலிவு என்பது வாங்கும் பணம் கையில் உள்ளவருக்கே மலிவு. 2008 யூலையில் மசகு எண்ணெய் பீப்பா ஒன்று 147 டொலர் வரை ஏறியது. அதற்கு முந்திய சில வருடங்களாகவே வளைகுடா நாடுகளின் நடைமுறைக் கணக்கில் பெரும் மிகை இருந்தது. அந்த மிகையை உள்நாட்டில் முழுவதும் செலவிட முடியாது. செலவிட்டால் பணவீக்கம் ஏறும். ஆகவே அதை வெளிநாட்டுச் சொத்துக்களாக மாற்றி வைப்பதற்கு அரச முதலீட்டு நிதியங்கள் அமைக்கப்பட்டன. கட்டார் முதலீட்டு அதிகாரசபை 2005 இல் நிறுவப்பட்டது. அபுதாபியின் பிரதான நிதியம் அதனிலும் பல வருடங்கள் மூத்தது. நடைமுறைக் கணக்கு மிகையுள்ள நாடு தேறிய மூலதன ஏற்றுமதியாளராக இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வசனம் வருகிறதல்லவா? அந்த வசனத்திற்கு ஆள் முகம் வைத்தால் இவர்கள்தான்.

2008 டிசெம்பரில் எண்ணெய் விலை 40 டொலருக்கும் கீழே விழுந்தது. அப்போதும் இவர்களால் வாங்க முடிந்தது. ஏனெனில் பணம் முன்னரே சேர்க்கப்பட்டது, கடனாக எடுக்கப்பட்டதன்று.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் அபுதாபியின் பக்கத்திலேயே இருக்கும் டுபாய். அங்கும் பெரிய கட்டடங்கள், வெளிநாட்டுக் கொள்வனவுகள். ஆனால் அவற்றுள் பெரும்பகுதி கடன். 2009 நவெம்பரில் டுபாய் வேர்ல்ட் என்னும் அரசுடைமைக் குழுமம் கடன் கொடுப்பனவுகளை ஒத்திவைக்குமாறு கேட்டது. டிசெம்பரில் அபுதாபி 10 பில்லியன் டொலர் கொடுத்துக் கைகொடுத்தது. அதற்கு மறு மாதம், 2010 ஜனவரியில், உலகின் மிக உயரமான கட்டடம் திறக்கப்பட்டபோது அதன் பெயர் புர்ஜ் டுபாய் அன்று. அபுதாபி ஆட்சியாளரின் பெயரால் புர்ஜ் கலீபா. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலுள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக எந்த ஐந்தொகையும் காட்டாது.

சொந்தப் பணம் இருந்தாலும் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். 2007 நவெம்பரில், அமெரிக்க வங்கிப் பங்குகள் விழத் தொடங்கியபோது, அபுதாபி முதலீட்டு அதிகாரசபை சிற்றி குறூப் வங்கியில் 7.5 பில்லியன் டொலர் இட்டது. பின்னர் பங்கொன்றுக்கு 31.83 டொலருக்கும் 37.24 டொலருக்கும் இடைப்பட்ட விலையில் பங்குகளாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது உடன்பாடு. 2009 மார்ச்சில் அப்பங்கின் விலை ஒரு டொலருக்கும் கீழே சென்றது. விலை விழத் தொடங்கியதைக் கண்டவர்கள், விழுந்து முடிந்துவிட்டதாகக் கொண்டமையே தவறு. அதற்கு மறுதலையாக, 2008 ஒக்ரோபர் இறுதியில் பிரித்தானியாவின் பார்க்ளேஸ் வங்கி அரச உதவியைத் தவிர்ப்பதற்காக வளைகுடாவில் மூலதனம் திரட்டியபோது பணம் இட்ட அபுதாபித் தரப்பு, 2009 யூனில் பங்குகளை விற்று ஒரு பில்லியன் பவுணுக்கு மேல் இலாபம் பெற்றது. இரண்டுக்கும் இடையில் ஓராண்டுகூட இல்லை.

4. கட்டடங்கள்: மூன்று கொள்வனவுகள்

2010 மே மாதத்தில் கட்டாரின் முதலீட்டு நிறுவனம் லண்டனின் புகழ்பெற்ற ஹரட்ஸ் பேரங்காடியை மொகமட் அல் பயட்டிடமிருந்து வாங்கியது. விலை ஏறத்தாழ 1.5 பில்லியன் பவுண் எனச் செய்திகள் தெரிவித்தன. அப்போது பவுண் ஏறத்தாழ 1.48 டொலர், ஆகவே 2.2 பில்லியன் டொலர். இரண்டு வருடங்களுக்கு முன் அதே பவுண் தொகைக்கு 3 பில்லியன் டொலர் வேண்டியிருந்திருக்கும். ஆனால் கடை முன்பிருந்த கடைதான். உரிமை மாறியது; மூலதன ஆக்கம் நிகழவில்லை.

இப்போது தேம்ஸ் நதியின் தென்கரைக்கு வருவோம். ஷார்ட் எனப்படும் கூரான கோபுரத்தை அமைக்கும் திட்டம் கடன் கிடைக்காமல் தடுமாறிய வேளையில், 2008 இல் கட்டார் முதலீட்டாளர்கள் அதன் 80% உரிமையைப் பெற்றனர். 2009 இல், வீழ்ச்சியின் மத்தியில், கட்டட வேலை தொடங்கியது. ஏறத்தாழ 310 மீற்றர் உயரமான அக்கோபுரம் 2012 யூலையில் திறந்து வைக்கப்பட்டது. இது மூலதன ஆக்கம். கட்டுமானத் துறையில் வேலையிழப்பு மலிந்திருந்த காலத்தில் சீமெந்து, உருக்கு, கண்ணாடி, கூலி எனச் செலவு ஓடியது. பெருக்கி விளைவு ஏற்பட்டது. சென்மதி நிலுவைப் பதிவில் ஹரட்சும் ஷார்ட்டும் ஒரே வகை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அவை முற்றிலும் வேறு வேறு. பரீட்சையில் ஒப்பிட்டு எழுதுவதற்கு இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

அதற்காக ஹரட்ஸ் விற்பனையால் பிரித்தானியாவுக்கு எந்தப் பயனும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. விற்றவர் கையில் காசு சேர்கிறது. அவர் அதை மீண்டும் உள்நாட்டில் முதலிடலாம், வங்கிக் கடனைத் தீர்க்கலாம், அல்லது நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லலாம். நெருக்கடியில் வாங்க ஆளிருப்பது விலைகள் மேலும் சரிவதைத் தடுக்கும். இவை யாவும் நேரில்லாப் பயன்கள். எவ்வளவு என்பது விற்றவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதிலேயே தங்கியுள்ளது.

மூன்றாவது கொள்வனவு நியூயோர்க்கில். 2008 யூலையில் அபுதாபி முதலீட்டுச் சபை கிறைஸ்லர் கட்டடத்தின் 90% உரிமையை 800 மில்லியன் டொலருக்கு வாங்கியது. திர்ஹம் டொலரோடு பிணைந்திருந்ததால் நாணய வழியில் எந்த மலிவும் இல்லை. அத்துடன் கட்டடம் இருக்கும் காணி கூப்பர் யூனியன் என்னும் கல்லூரிக்குச் சொந்தம். கட்டடக்காரர் குத்தகை கட்ட வேண்டும். வருடாந்த நில வாடகை 7.75 மில்லியன் டொலராக இருந்து 2018 இல் 32.5 மில்லியன் டொலராக உயர்ந்தது. 2019 இல் கட்டடம் ஏறத்தாழ 150 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. கடன் நெருக்குதலோ வங்குரோத்தோ இல்லாமலே இவ்வளவு இழப்பு. எங்களூரில் வீடு வாங்கப் போகும் எந்தப் பெரியவரும் முதலில் கேட்கும் கேள்வி, "காணி ஆருடையது?" என்பதுதான்.

ஹரட்ஸ் விடயத்திலும் ஒரு பின்னுரை உண்டு. மலிந்த நாணயத்தில் வாங்கியவர், அந்நாணயத்திலேயே தொடர்ந்து சொத்து வைத்திருக்கிறார். 2016 யூனில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களிப்பதற்கு முன் 1.50 டொலரை அண்மித்திருந்த பவுண், ஒக்ரோபரில் 1.22 டொலர் அளவுக்கு விழுந்தது. கடையின் பவுண் பெறுமதி 1.5 பில்லியனாகவே இருந்ததாகக் கொண்டால் அது 1.83 பில்லியன் டொலர். நாணயத் தேய்வு வாங்கும் நாளில் நண்பன்; வாங்கிய மறுநாள் தொடக்கம் அது ஆபத்து.

5. கழகங்கள்

இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் கம்பனிகளாக இயங்குகின்றன. பங்குகளை வாங்கினால் கழகம் வாங்கியவருடையது. வருமானம் தொலைக்காட்சி உரிமம், நுழைவுச்சீட்டு, அனுசரணை ஆகியவற்றிலிருந்து வரும். பெருஞ்செலவு வீரர்களின் சம்பளம். பெரும்பாலான கழகங்கள் இலாபம் காட்டுவது அரிது. பங்கிலாபத்தை மட்டும் எதிர்பார்ப்பவர் இங்கே வரமாட்டார். கழகத்தின் விற்பனைப் பெறுமதி ஏறும் என்ற எதிர்பார்ப்பு, நாட்டின் அல்லது குடும்பத்தின் பெயர் பரவுதல், அந்நகரில் ஏனைய தொழில்களுக்கு வழி திறத்தல் என்பனவே ஈர்ப்பு.

மன்செஸ்ரர் சிற்றியை 2007 இல் 81.6 மில்லியன் பவுணுக்கு வாங்கியவர் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் சினவத்ரா. 2006 இல் இராணுவப் புரட்சியில் பதவி இழந்த அவரின் சொத்துக்கள் தாய்லாந்தில் முடக்கப்பட்டிருந்தன. எனவே 2008 இல் விற்க வேண்டிய நிலையில் இருந்தவர் அவர், அவசரமில்லாதவர் வாங்குபவர். கழகத்தின் விலைப்பணம் தக்சினிடம் சென்றது. மைதானமோ மன்செஸ்ரர் நகரசபைக்குச் சொந்தமானது. 2002 பொதுநலவாய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு, கழகத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆகவே மூலதன ஆக்கம் பற்றிய என் வகுப்பு வினாவுக்கு விடை: இல்லை.

அடுத்ததைக் கவனியுங்கள். அறிவித்தல் வந்த அதே நாளில் கழகம் பிறேசில் வீரர் றொபினோவை ஸ்பெயினின் றியல் மட்ரிட் கழகத்திடமிருந்து 32.5 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அப்போது அது பிரித்தானியச் சாதனைத் தொகை. அபுதாபியிலிருந்து பிரித்தானியாவுக்குள் வரும் பணம் நேரடி முதலீட்டு உட்பாய்ச்சல். மறுபக்கத்தால் ஸ்பெயினுக்குப் போவது வெளிப்பாய்ச்சல். மன்செஸ்ரர் அதற்கு வழிப்போக்கர் மடம் போல. ஆனால் றொபினோவின் சம்பளம் இங்கிலாந்தில் கொடுக்கப்பட்டது. வரியும் அங்கே சேர்ந்தது. அந்தளவு பயன் அந்நாட்டுக்கே.

முதல் வருடங்களில் இழப்பு பெரிது. 2010/11 பருவத்தில் கழகத்தின் நட்டம் 190 மில்லியன் பவுணைத் தாண்டியது. கடனில் வாங்கியவர் அந்த இடத்தில் கைவிட்டிருப்பார். 2012 இல் கழகம், 44 வருடங்களின் பின், இங்கிலாந்தின் சம்பியனாகியது. 2014 டிசெம்பரில், முன்னர் இரசாயனத் தொழிற்சாலை இருந்த பழுதடைந்த நிலத்தில், பயிற்சி வளாகம் திறக்கப்பட்டது. வாங்கி ஆறு வருடங்களின் பின் வந்த இவ்வளாகமே, மூலதன ஆக்கம் என்று நிச்சயமாக எழுதக்கூடியது. அதே வருடம் நகரசபையும் அபுதாபிக் குழுமமும் இணைந்து வீடமைப்புத் திட்டமொன்றைத் தொடங்கின. கழகத்தில் தொடங்கிய முதலீடு காணியிலும் வீட்டிலும் வந்து நின்றது. (அத்திட்டத்திற்குப் பொதுக் காணி குறைந்த விலைக்குக் கொடுக்கப்பட்டதாக ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் குறை கூறினர். மாநகரத்தின் பயன், முதலீட்டாளரின் பயன் என்ற இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பதற்கு இது உதாரணம்.) 2019 இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான சில்வர் லேக், இக்குழுமத்தில் 10 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்குக்கு 500 மில்லியன் டொலர் கொடுத்தது. மொத்தக் குழுமத்தின் பெறுமதி 4.8 பில்லியன் டொலர் எனக் கணிக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிரான கதை லண்டனின் வெஸ்ட் ஹாம் கழகம். 2006 நவெம்பரில் ஐஸ்லாந்துக் குழுவொன்று அதனை 85 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. பணத்தின் மூலவர் பியோர்கொல்புர் குட்முண்ட்சன், ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கியின் தலைவர். அக்காலத்தில் ஐஸ்லாந்து முதலீட்டாளர்கள் லண்டனின் பெருந்தெருக் கடைகள் பலவற்றையும் வாங்கிக் குவித்தனர். சின்னஞ்சிறு நாட்டுக்கு அவ்வளவு பணம் ஏது? எண்ணெய் இல்லை, நடைமுறைக் கணக்கிலோ பெரும் பற்றாக்குறை. அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் வெளிநாடுகளில் கடன் பெற்றும் வைப்புத் திரட்டியும் வளர்ந்தவை. அவற்றின் மொத்தச் சொத்து நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஏறத்தாழப் பத்து மடங்கு. 2008 ஒக்ரோபரில் மூன்றும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. குறோனா நாணயமும் சரிந்தது. 2009 யூனில் கழகம் கடன்கொடுத்த வங்கிகள் சார்பான நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டுக்குச் சென்றது. அடுத்த மாதம் உரிமையாளர் வங்குரோத்தானார்.

லிவர்பூல் கழகத்தின் கதை இரண்டுக்கும் இடைப்பட்டது. 2007 பெப்ரவரியில் அமெரிக்கர் இருவர் வாங்கினர்; பெரும்பங்கு வங்கிக் கடன். கடன்கொடுத்த பிரதான வங்கியையே 2008 இல் பிரித்தானிய அரசு காப்பாற்ற வேண்டி வந்தது. கடன் தவணை நெருங்கவே, உரிமையாளரின் விருப்பத்துக்கு மாறாக, 2010 ஒக்ரோபரில் கழகம் 300 மில்லியன் பவுணுக்கு வேறோர் அமெரிக்கக் குழுமத்திடம் கைமாறியது. கழகம் வங்குரோத்தாகவில்லை; பிந்திய வருடங்களில் அதன் பெறுமதி பன்மடங்காகியது. அந்த ஏற்றம் முதல் வாங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீழ்ச்சி முடியும்வரை வைத்திருக்க முடியாதவர் சரியான சொத்தை வாங்கினாலும் பிழைத்துவிடுகிறது.

6. சிறிய முதலீட்டாளரும் வீட்டு விலையும்

அரசர்களும் நிதியங்களும் மட்டுமல்ல, தனியாட்களும் வீழ்ச்சிக் காலத்தில் வெளிநாட்டில் வீடு வாங்குகின்றனர். யூரோ வலயக் கடன் நெருக்கடியில் சிக்கிய போர்த்துக்கல் 2012 இல் ஒரு திட்டத்தை அறிமுகப்படுத்தியது: 5 இலட்சம் யூரோ பெறுமதியான வீடோ கட்டடமோ வாங்கும் வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி. சீனர் பெருமளவில் வந்தனர். வீழ்ந்திருந்த சந்தை மீண்டது. சந்தை மீண்ட பின்னரும் திட்டம் தொடர்ந்தது. லிஸ்பன் நகரில் வாடகையும் வீட்டு விலையும் உள்ளூர் ஊதியத்துக்கு எட்டாத உயரம் சென்றன. வேறு காரணங்களும் இருந்தன என்றாலும் எதிர்ப்பு வலுத்தது. 2023 ஒக்ரோபரில் வீடு வாங்கி அனுமதி பெறும் வழி நீக்கப்பட்டது. நெருக்கடிக் காலத்தில் விலையைத் தாங்கிய அதே கேள்வி, நல்ல காலத்தில் உள்ளூரவரை வெளியே தள்ளியது.

7. பரீட்சைக்கான பயிற்சி

மாதிரி வினா: "பொருளாதார வீழ்ச்சியில் உள்ள ஒரு நாட்டுக்கு வரும் வெளிநாட்டு நேரடி முதலீடு அந்நாட்டின் உற்பத்தி ஆற்றலை அதிகரிக்கும்." இக்கூற்றை ஆராய்க. (10 புள்ளிகள்)

விடை எழுதும் முறை: "உடன்படுகிறேன்" என்றோ "மறுக்கிறேன்" என்றோ தொடங்க வேண்டாம். "ஆராய்க" என்றால் எந்நிலையில் உண்மை, எந்நிலையில் உண்மையன்று எனப் பிரித்துக் காட்ட வேண்டும். நேரடி முதலீட்டை வரைவிலக்கணப்படுத்தி (10% வாக்குரிமை), புதிய திட்டத்தையும் உரிமை மாற்றத்தையும் வேறுபடுத்துக. ஷார்ட், ஹரட்ஸ் என இரு உதாரணங்கள் போதும். பத்து உதாரணங்களை அடுக்கினால் மேலதிகப் புள்ளி கிடையாது. பின்னர் உரிமை மாற்றத்தின் நேரில்லாப் பயன்களையும், எதிர்காலத்தில் இலாபம் வெளியே செல்வது நடைமுறைக் கணக்கின் வருமானப் பகுதியில் வரவுக்கு எதிரான பதிவாக வரும் என்பதையும் குறிப்பிடுக. இக்கடைசிப் புள்ளியைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகின்றனர்.

பின்வரும் வினாக்களுக்கு நீங்களே விடை எழுதிப் பாருங்கள்.

(அ) ஒரு வீட்டின் விலை யூரோவில் 25% விழுகிறது; அதே காலத்தில் யூரோ டொலருக்கு எதிராக 20% தேய்கிறது. டொலர் வைத்திருப்பவருக்கு வீடு எத்தனை வீதத்தால் மலிந்துள்ளது? ("45%" என எழுதியவர்கள் இரண்டாம் பகுதியை மீண்டும் வாசிக்கவும்.)

(ஆ) அபுதாபி முதலீட்டாளர் ஒருவர் பிரித்தானியாவில் வதியும் ஒருவரிடமிருந்து கழகமொன்றை வாங்குகிறார். இன்னொருவர் அமெரிக்காவில் வதியும் ஒருவரிடமிருந்து பிரித்தானியக் கழகமொன்றை வாங்குகிறார். பிரித்தானியாவின் நிதியியல் கணக்கில் தேறிய உட்பாய்ச்சல் எதனால் ஏற்படும்? காரணம் தருக.

(இ) 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. இலங்கையில் 900 மில்லியன் ரூபா பெறுமதியான ஹோட்டல் ஒன்றின் ரூபா விலை மாறாதிருந்ததெனக் கொண்டு, அதன் டொலர் விலையில் ஏற்பட்ட வீழ்ச்சியை வீதத்தில் கணிக்குக. இவ்வளவு மலிந்தும் வெளிநாட்டவர் 2009 இல் லண்டனுக்கு வந்தது போல வரிசையில் வராமைக்கு மூன்று காரணங்கள் தருக. எரிபொருள் வரிசை, மின்வெட்டு என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். இலாபத்தை டொலராக மாற்றி வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்று அந்த முதலீட்டாளர் அன்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுக.